படுகை மாடன் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த வரலாறு

மோட்சத்துக்குப் போக உலகம் இதுவரை கண்டுபிடித்திருக்கும் வழிகள் பல. காட்டுக்குப் போய்த் தவம் செய்யலாம். காசிக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பாபநாசம் படித்துறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழலாம். ஆனால் சுவருக்கு வெளிர்நீல பெயிண்ட் அடித்தே மோட்சத்தின் வாசல்வரை போய்விடலாம் என்று மனித குலத்துக்கு முதன்முதலாக நிரூபித்துக் காட்டிய பெருமை, நாணல்படுகை உதவிபெறும் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர் திரு. குற்றாலலிங்கம் அவர்களையே சேரும். இதை நாணல்படுகையில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பேசினால் சாமி குத்தம் ஆகிவிடும்.

நாணல்படுகை எங்கே இருக்கிறது என்றால், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஆற்றோரமாகப் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தூங்காமல் இருந்தால் இறங்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஓட்டுக் கட்டிடம். அதில் ஐந்தாம் வகுப்பு அறைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே பெய்துகொண்டிருக்கும். 'பாவம், பிள்ளைகள் என்ன செய்யும்?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். பிரமாதமாக ஒன்றும் செய்யாது. சத்துணவுத் தட்டை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இடது கையில் தட்டு, வலது கையில் பென்சில். அந்தக் கோலத்திலேயே வகுத்தல் கணக்குப் போட்டு மீதியையும் கண்டுபிடித்துவிடும்.

அந்த வகுப்பின் ஆசிரியை நித்யா. மில் தொழிலாளி வீட்டுப் பெண். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கூரையைப் பற்றி மனு எழுதி எழுதியே அவருடைய கையெழுத்து முத்து முத்தாக ஆகிவிட்டது. ஒவ்வொரு மனுவையும் குற்றாலலிங்கம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பார். படித்துவிட்டுப் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், மீதிப் பாதி பழகிவிடும் என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை.

கடைசியில் ஆவணி மாதம், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழைய மாணவர்கள் கூடிப் பேசினார்கள். "நாங்க நனைஞ்சது போதும். இந்தப் பிள்ளைகளாவது காய்ஞ்சு கெடக்கட்டும்" என்று கூரைக்கென்றே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். நித்யா டீச்சரின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்க்க முடிந்தது.

"ஐப்பசி பொறக்கதுக்குள்ள புது ஓடு போட்டிருவோம் சார்."

"போட்டிருவோம் டீச்சர். அதுல என்ன சந்தேகம்?" என்றார் சார்.

உண்மையிலேயே போட்டிருப்பார். அதற்குள் குற்றாலத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

பயிலரங்கின் பெயர் 'வகுப்பறை எனும் கருவறை'. நடந்த இடம், அருவிச் சத்தம் காதில் விழாத அளவுக்குக் கனத்த கண்ணாடி போட்ட ஒரு ஹோட்டல். நடத்தியவர் 'கல்விச் சூழல் உபாசகர்' கணேஷ்ராம். கதர் ஜிப்பா, வெறுங்கால், கன்னத்தில் ஒட்டிய மைக். அவர் பேச ஆரம்பித்தால் ஏசி கூட மரியாதைக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"வகுப்பறையை அலங்கரிக்காதீர்கள். உபாசியுங்கள்!" என்றார். "நிறமே மந்திரம். வெளிச்சமே தீபாராதனை. கரும்பலகை என்பது எதிர்மறை ஆற்றலின் வாசல். நண்பர்களே, சுவர்கள் பேசுகின்றன. நாம்தான் கேட்பதில்லை."

காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த தலைமை ஆசிரியர் ரசீத் கையைத் தூக்கினார். "எங்க பள்ளியில ஃபேன் ஓடலை. அதுக்கு என்ன செய்யணும்?"

"ஓடாத மின்விசிறியை என்றைக்காவது முழுமையாகப் பார்த்திருக்கிறீர்களா ஐயா? அதுதான் சலனமற்ற நிலை."

"பாத்தேன். வேர்த்துச்சு" என்று சொல்லிவிட்டு ரசீத் டீ குடிக்கப் போய்விட்டார். ஆன்மிகப் பக்குவம் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வாய்த்துவிடாது.

குற்றாலலிங்கம் சாருக்கு வாய்த்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் வெறும் பள்ளிக்கூடம் என்று நினைத்து ஒரு கோவிலில் அல்லவா வருகைப் பதிவேடு எடுத்துக்கொண்டிருந்தோம் என்று உருகிப்போனார். போதாக்குறைக்கு, மாநிலத்திலேயே சிறந்த தவ வகுப்பறைக்கு 'வகுப்பறைத் தபோதனர்' என்ற விருது உண்டு என்றும், அதற்கு ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு கேடயம் உண்டு என்றும் கடைசி நாளில் அறிவித்தார்கள். மற்றவர்கள் தியானத்தில் புருவ மத்தியில் ஒரு சுடரைக் காண்பார்களாம். சார் கண்ட இடத்தில் அந்தக் கேடயம் நின்றது.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நித்யா டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தால், தலைமை ஆசிரியர் தரையில் மல்லாக்கக் கிடக்கிறார். 

"சார்! என்ன செய்யுது சார்? ஆட்டோவுக்குச் சொல்லட்டா?"

"உஷ்! சுவர் பேசுது."

டீச்சர் சுவரைப் பார்த்தார். "என்ன சொல்லுது?"

"இன்னும் பிடிபடலை."

அந்த நேரம் பார்த்து, முந்தின ராத்திரி மழையில் ஓட்டுக்கு இடையில் தங்கியிருந்த ஒரு சொட்டு, சாரின் நெற்றியில் திருநீற்றுக்கு நட்டநடுவில் விழுந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அனுக்கிரகம்" என்றார்.

"ஒழுகுது சார். சுவரும் அதைத்தான் சொல்லுது. நான் மனுவாவே எழுதிக் கொடுத்தேன்."

"டீச்சர், நீங்க கூரையைப் பாக்கீங்க. நான் அதுக்கும் மேல பாக்கேன்."

"அதுக்கு மேல மழைதான் சார் இருக்கு."

சார் எழுந்து உட்கார்ந்து, அருள் ததும்பும் குரலில் விளக்கம் கொடுத்தார். கூரை என்பது உடல். அழகு என்பது ஆன்மா. உடல் இன்றைக்கு ஒழுகும், நாளைக்கு உளுத்துப்போகும். அதைப் போய்ப் பராமரிப்பவன் லௌகிகன். ஆகவே பழைய மாணவர்கள் கொடுத்த கூரைப் பணம், கூரையைவிட உயர்ந்த காரியத்துக்குச் செல்லும்.  அந்தப் பணத்தில் ஓய்வு பெற்ற மில்காரரான நித்யா டீச்சருடைய அப்பாவின் பங்கும் இருந்தது. ஆனால் ஞானம் பெற்றுத் தரையில் உட்கார்ந்திருக்கும் மேலதிகாரியிடம் என்ன சண்டை போட முடியும்?

அன்று தொடங்கியது தவம். சுவர்களுக்கு வெளிர்நீலம். உத்தரத்திலிருந்து மண் மணிகள். மூலைக்கு மூலை ஆற்றுக் கூழாங்கல். நடுவே பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி, மேலே செவ்வந்திப்பூ. கரும்பலகை இருந்த இடத்தில் ஆளுயரத் தாமரை ஒன்று மலர்ந்தது. நித்யா டீச்சர் கதவின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிப் போட்டார். யாராவது கதவைத் திறந்தால் கணக்கு மறைந்துவிடும். 'மாயை' என்றார் சார்.

வீட்டில் அவருடைய மனைவி கோமுவும் இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு நீலப் பெயிண்டு அடிக்கியளாமே? அடுக்களைக்கு ஒரு வெள்ளை அடிக்கச் சொல்லி எத்தனை வருசமாச் சொல்லுதேன்?"

"அது லௌகிகம் கோமு."

"அப்படியா? ராத்திரி தோசையும் லௌகிகம்தான். போய்ப் படுங்க."

தபோதனர்கள் பட்டினி கிடப்பது வழக்கம்தானே. சார் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

தவத்தின் உச்சம், கணேஷ்ராம் கொடுத்தனுப்பிய படத்தில் இருந்த 'அமைதிக் கூம்பு'. அடியில் அகலம், மேலே குறுகல், உச்சியில் தட்டை, இடுப்பளவு உயரம். வெள்ளை நிறம் சாந்திக்கு, நடுவே செங்காவிப் பட்டை சக்திக்கு. வாசனை மெழுகுவத்தி வைக்க ஒரு குழி. இதை வகுப்பின் மூலையில் எழுப்பினால் பிள்ளைகளின் மனம் ஒடுங்கும் என்று படத்தின் அடியில் எழுதியிருந்தது. சார் கொத்தனார் பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டுவிட்டார்.

பிச்சைக்கண்ணு படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சாரை ஒருமுறை பார்த்தார். "இது எந்தச் சாமிக்கு சார்?"

"சாமிக்கு இல்லைவே. அமைதிக்கு."

"அமைதியம்மனா? நம்ம பக்கம் கேள்விப்பட்டதில்லையே."

"அம்மனெல்லாம் இல்லை."

"அப்ப ஆம்பளைச் சாமி. சரி, கெடாவெட்டு உண்டா, சைவமா?"

சாருக்குச் சுருக்கென்றது. "என்னைப் பாத்து இப்பிடிக் கேக்கலாமாவே? நாங்க பரம்பரையா சைவம்."

"வருத்தப்படாதீய சார், முன்னாலயே தெரிஞ்சுகிட்டா அதுக்குத் தக்கன கட்டிருவேன். சைவப் படையல்னா பீடத்து முன்னால எடம் கொஞ்சமா விட்டாப் போதும். மாடக்குழியில ஒரு வெளக்குதானே?"

"வாசனை மெழுகுவத்தி."

"எதையோ ஏத்துங்க" என்று பிச்சைக்கண்ணு வேலையை ஆரம்பித்தார்.

இதோடு நின்றிருந்தால் நாணல்படுகைக்கு ஒரு வெள்ளைக் கூம்பு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் படத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது. கூம்பின் அடியில் 'வேர்மண்' இட வேண்டும். அதாவது, ஒவ்வொரு பிள்ளையும் தான் உலகத்திலேயே மிகவும் நேசிக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து போட வேண்டும். மறுநாள் காலை பிரார்த்தனையில் சார் இதை அறிவித்தார். பிள்ளைகள் குஷியாகிவிட்டார்கள். வீட்டுப் பாடமாக மண்ணள்ளி வரச் சொன்ன வாத்தியாரை யாருக்குத்தான் பிடிக்காது?

ஒருத்தி ஆட்டுக்கொட்டிலிலிருந்து கொண்டுவந்தாள். ஒருவன் கிரிக்கெட் விளையாடும் ஆற்று மணல். இசக்கியம்மா என்ற பிள்ளை மட்டும் பாவாடை மடியில் கட்டி, பத்திரமாகக் கொண்டுவந்து கூம்பின் அடியில் தட்டினாள்.

"ஏட்டி, இது எங்க எடுத்த மண்ணு?" என்று சும்மா கேட்டு வைத்தார் பிச்சைக்கண்ணு.

"மாடன் கோவில்ல. பீடத்துக் கீழ. கொடைக்கு அங்கனதான் பொங்கச்சோறு தருவாவ. எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம்."

பிச்சைக்கண்ணுவின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தாமிரபரணிப் பக்கத்தில் ஒரு கோவிலின் பீடத்தடியில் பிடிமண் எடுத்து, வேறு ஓர் இடத்தில் போட்டு, அதன்மேல் அகலமாகத் தொடங்கிக் குறுகலாக முடியும் வெள்ளைப் பீடம் எழுப்பினால், அந்தச் சாமி அங்கே குடிவந்துவிட்டது என்று பொருள். இது சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் இதற்கு எந்த நீதிமன்றத்திலும் இதுவரை தடை வாங்கியவரும் இல்லை. நாணல்படுகை ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருந்த காவல் தெய்வமான படுகை மாடன், அன்று காலை பதிவேட்டில் பெயர் சேர்க்காமலேயே ஐந்தாம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஓர் அதிசயம். பெற்றோர் கூட்டம் என்று தாம்பாளத்தில் வைத்து அழைத்தாலும் வராத பெற்றோர்கள், தாங்களாகவே வர ஆரம்பித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஐந்தாம் வகுப்பு வாசலில் கைகட்டி நின்றார்கள். சில தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா டீச்சர், பெற்றோர் ஈடுபாடு!" என்று பூரித்துப்போனார் சார். "சூழல் அழகா இருந்தா சமூகம் தானா வரும்."

"சார், அது மாடன் பீடம்னு வாராவ."

"அமைதிக் கூம்பு."

"எலுமிச்சம்பழம் வச்சிருக்காவ சார்."

"இயற்கை நறுமணம்."

"பக்கத்துல சுருட்டு வச்சிருக்காவ."

சார் குனிந்து முகர்ந்து பார்த்தார். "அதுவும் நறுமணம்தான்" என்றார்.

ஐப்பசி பிறந்தது. மேற்கே மலை கறுத்தது. ஒருநாள் மத்தியானம் பிடித்த மழை, ஐந்தாம் வகுப்புக்குள்ளும் வழக்கம்போல் வந்து சேர்ந்தது. வெளிர்நீலச் சுவரில் பழுப்பாய் வழிந்தது, தாமரை இதழை ஊறவைத்தது, பித்தளை உருளியில் டிங் டிங்கென்று விழுந்தது. பிள்ளைகள் ஒழுங்காகத் தட்டை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு சொட்டு, விடாமல், குறி தப்பாமல், பீடத்தின் உச்சியில் விழுந்துகொண்டிருந்தது. டொக். டொக். டொக்.

அப்போதுதான் இசக்கியம்மாவின் அப்பா மாரிசெல்வம் குடையோடு மகளைக் கூட்டிப்போக வந்தார். மாரிசெல்வம் விக்கிரமசிங்கபுரத்தில் ஆட்டோ ஓட்டுபவர். அதோடு படுகை மாடனின் கோமரத்தாடி. கொடை என்கிற கோவில் திருவிழா நாளில் மாடன் இறங்கி வந்து ஆடுவது அவர் உடம்பில்தான். அவர் வாசலில் நின்று பார்த்தார். தட்டுக்குக் கீழே மகள். சொட்டுக்குக் கீழே மாடன். குடை கீழே விழுந்தது. உடம்பு உதறியது.

"ஏலேய்!"

பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குற்றாலலிங்கம் சார் வந்தார். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இந்தச் சூழ்நிலையை எப்படிக் கையாள்வது என்று தெரியாமல், மேலதிகாரி வந்தால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"வந்திருப்பது யாரோ?" என்று ஒரு பெரியவர் கைகூப்பிக் கேட்டார்.

"படுகை மாடன்லே! அங்கன சுண்ணாம்பு அடிச்சு வருசக்கணக்காச்சு. இங்கன ஒரு வாத்தியான் நீலம் அடிச்சு, மணி கட்டி, தாமரை வரைஞ்சு, பிடிமண் போட்டுக் கூப்பிட்டான். வந்துட்டேன்!"

பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த சாருக்கு, நடுக்கத்துக்கு நடுவே ஒரு பெருமிதமும் ஓடியது. உலகத்தில் எத்தனையோ பேர் வகுப்பறையை அழகு செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒரு தெய்வமே வீடு மாறி வந்தது வேறு யாருக்கு நடந்திருக்கிறது?

"ஆனா எனக்கு மேல என்னலே அது?" என்று கத்தினார் மாடன்.

"ஓடு, சுவாமி" என்றார் சார்.

"நான் என்னைக்குலே கூரைக்குக் கீழ நின்னிருக்கேன்? வானத்தைப் பாத்து நிக்கிறவன்லே நான்! சரி, கூரைன்னு ஒண்ணு வச்சே, அது ஒழுகாமலாவது இருக்கணும். நனைஞ்சா முழுசா நனைவேன், நனையாட்டா காய்ஞ்சு நிப்பேன். உச்சந்தலையில சொட்டுச் சொட்டா என்னலே வெளையாட்டு? பிரிச்சு எறிலே அதை!"

கூட்டம் "சரி சாமி, சரி சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாருக்குக் கேடயம்தான் நினைவுக்கு வந்தது. கூரை இல்லாத வகுப்பறைக்கு எவன் கேடயம் கொடுப்பான்?

அப்போது நித்யா டீச்சர் முன்னால் வந்தார். வருஷக்கணக்காக மனு எழுதிப் பழகியவர் அல்லவா? மனு கொடுக்க வேண்டிய இடம் எது என்று அவருக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று புரிந்துவிட்டது.

"சாமி, நீங்க இங்கன வந்துட்டிய. அங்கன ஒங்க கோவில் முன்னால கொடைக்குப் போட்ட தகரக் கொட்டகை சும்மாதானே கெடக்கு? ஒரு சொட்டு ஒழுகாது. பிள்ளைகள் அங்கன உக்காந்து படிச்சுக்கிடட்டுமா?"

மாடன் ஆட்டத்தை நிறுத்தினார்.  மாரிசெல்வத்தின் ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்து, தட்டைத் தலைக்கு மேல் பிடித்து நின்ற இசக்கியம்மாவை ஒரு தரம் பார்த்தது. தெய்வங்கள் ஒரு கண்ணால் பார்ப்பது உண்டா என்று கேட்காதீர்கள். பார்த்தது.

"உக்காரட்டும்லே! ஆனா ஒண்ணு. ஏழாம் வாய்ப்பாட்டை எனக்கு இங்கன வரைக்கும் கேக்கும்படியாச் சொல்லணும். முணுமுணுத்தா எனக்குப் பிடிக்காது."

"சொல்லுவோம் சாமி!" என்று ஐந்தாம் வகுப்பு ஒரே குரலில் கத்தியது.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஊரே ஏணியோடு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்புக்கு மேல் வானம் தவிர வேறு எதுவும் இல்லை. ஓடு அள்ள வந்த வண்டியிலேயே பெஞ்சுகளும் பிள்ளைகளும் கொட்டகைக்குப் போனார்கள். அதன் பின்சுவரில் நித்யா டீச்சர் தன் கையாலேயே கறுப்பு அடித்தார். எதிர்மறை ஆற்றல் கொஞ்சம் தூக்கலாகவே அமைந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தாலும் எழுத்து தெரிந்தது. தட்டுகள் மறுபடி சோறு வாங்குவதற்கு மட்டும் பயன்பட்டன.

குற்றாலலிங்கம் சார் இடிந்துபோய் உட்கார்ந்தார். கோமு இரக்கப்பட்டு நெய் விட்டுத் தோசை சுட்டுக் கொடுத்தும் இறங்கவில்லை. கேடயம் புருவ மத்தியிலிருந்து படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கார்த்திகையில் விருதுக் குழு வந்தது. சார் கையைப் பிசைந்துகொண்டே அவர்களை ஐந்தாம் வகுப்புக்குக் கூட்டிப்போனார். சரியாக அந்த நேரம் மழையும் வந்தது. நாலு வெளிர்நீலச் சுவர்களுக்கு நடுவே வானத்திலிருந்து நேராக இறங்கியது. மண் மணிகள் ஆடின. உருளி நிரம்பி வழிந்து செவ்வந்தி மிதந்தது. மூலையில் மஞ்சள் பூசி, மாலை போட்டு, கம்பீரமாக நனைந்துகொண்டு நின்றார் மாடன். கணேஷ்ராம் குடையை மடக்கினார். வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினார். அண்ணாந்து பார்த்தார்.

"கூரையை எடுத்துவிட்டீர்கள்!"

"அது... வந்து... ஊர்ல..." என்று இழுத்தார் சார்.

"பேசாதீர்கள். புரிகிறது. கூரை என்பது அகங்காரத்தின் ஓடு. நான் இத்தனை பயிலரங்கு நடத்தியும் எனக்கே தோன்றாதது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது!"

குழுவினர் மதிப்பெண் போட்டார்கள். ஒளி: முழு மதிப்பெண். காற்றோட்டம்: முழு மதிப்பெண்ணுக்கு மேல். மௌனம்: இதுவரை எந்த வகுப்பறையும் எட்டாத உயரம். தூய்மை: பெஞ்சு, காகிதத் துணுக்கு, பென்சில் சீவல் எதுவுமே கண்ணில் படவில்லை. பிள்ளைகள் எங்கே என்று கேட்க மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

ஆற்றங்கரைப் பக்கமிருந்து காற்றில் ஒரு சத்தம் மட்டும் மிதந்து வந்தது. "ஏழெட்டு ஐம்பத்தாறு... ஏழொன்பது அறுபத்து மூணு..."

"அது என்ன ஒலி?" என்று கேட்டார் கணேஷ்ராம்.

சார் அவசரமாகக் கைகூப்பினார். "பிரபஞ்ச ஒலி, ஐயா."

கணேஷ்ராம் கண்ணை மூடிக்கொண்டு, "எழுபது" வரும்வரை திறக்கவில்லை.

விருது கிடைத்தது. மாலை, பொன்னாடை, ஆளுயரத்தில் பாதிக் கேடயம், எல்லாம் கிடைத்தது. அதன்பிறகு குற்றாலலிங்கம் சாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. 'கூரை துறத்தல்' என்ற தலைப்பில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். காயல்பட்டினத்தில் பேசியபோது ரசீத் மட்டும் எழுந்து, "பிள்ளைக எங்க இருக்கு?" என்று கேட்டாராம். 'கேள்விகள் இறுதியில்' என்று சொல்லி, இறுதியைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். கூரை போட்டுத் தரச் சொல்லி நித்யா டீச்சர் புதிதாக ஒரு மனு கொடுத்தார். மாடனை மரியாதையோடு வெளியே மைதானத்துக்கு எழுந்தருளச் செய்து, பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று வழியும் எழுதியிருந்தார். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதினார்.

ஆடியில் கொடை வந்தது. மாடன் இருக்கும் இடத்தில்தானே கொடை? பந்தல் பள்ளிக்கூட வாசலில் போட்டார்கள். மேளம் அதிர்ந்தது. பொங்கல் பொங்கியது. சார் பட்டு வேட்டி கட்டி, கேடயத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மாடன் காலடியில் வைத்து ஆசி வாங்க வந்தார். மாரிசெல்வம் வேல்கம்போடு ஆடிக்கொண்டே வந்து அவர் முன்னால் நின்றார்.

"ஏலே வாத்தியாரே! கையில என்னலே?"

"விருது, சுவாமி. நம்ம வகுப்பறைக்குக் கொடுத்தாங்க."

"எதுக்குலே குடுத்தான்?"

"கூரையைத் துறந்ததுக்கு, சுவாமி."

மாடன் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் கை நின்றுவிட்டது. வேல்கம்பு சாரை விட்டுத் திரும்பி, கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது.

"கூரை வேண்டாம்னு நான் ஒரு வார்த்தைதாம்லே சொன்னேன். மறுநா மத்தியானத்துக்குள்ள ஊரே ஏணியத் தூக்கிட்டு வந்து பிரிச்சிய. இந்தப் பிள்ளைக கூரை வேணும் வேணும்னு எத்தனை வருசமாலே கேட்டுச்சு? ஒருத்தனாவது ஏணி எடுத்தியளாலே?"

ஊர் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். சாருக்கு நாக்கில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பார்த்தேன், சுவாமி" என்றார்.

அந்த நேரம் மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கியது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கொட்டகைக்கு ஓடினார்கள். மாடன் நனைந்துகொண்டு நின்றார். குற்றாலலிங்கம் சார் மட்டும் பட்டு வேட்டி பாழாகிவிடுமே என்று பதறி, கேடயத்தைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். அந்த விருதால் நாணல்படுகைப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த ஒரே கூரை அதுதான். அதற்குக் கீழேயும் தலைமை ஆசிரியர்தான் நின்றார்.